இருபத்து நான்கு பிடிகள்

நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்று மட்டும் சிவப்பாக இருந்தது.

ஜெபராஜ் காலையிலிருந்து திரையில் அந்தச் சிவப்புப் புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரகடத்தில் கார்களுக்குக் கதவும் பானெட்டும் அடித்துக் கொடுக்கும் தொழிற்சாலை அது. பிரஸ், ரோபோ, வெல்டிங் கருவி, கேட்டில் முகம் பார்க்கும் கேமரா, கேன்டீனில் சாம்பாரின் சூட்டைப் பார்க்கும் பெட்டி என்று நெட்வொர்க்கில் தொங்குகிற எல்லாவற்றுக்கும் மென்பொருள் உண்டு. மென்பொருள் இருந்தால் அப்டேட் உண்டு. அப்டேட் என்றால் ஜெபராஜ். பதினாறு வருடமாக இதுதான் வேலை. ஒழுங்காகச் செய்தால் அப்படி ஒருத்தன் இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒருநாள் தவறினால் போதும், வாட்ச்மேன் முதல் எம்.டி. வரை எல்லோருக்கும் அவனுடைய எக்ஸ்டென்ஷன் நம்பர் மனப்பாடம் ஆகிவிடும்.

இந்த மாத அப்டேட்டைத் தள்ளிப்போட வழியே இல்லை. மூன்று வாரத்துக்கு முன் வேறொரு மாநிலத்தில், வேறொரு தொழிற்சாலையில் ஒரு விபத்து நடந்திருந்தது. அதற்குப் பிறகு கார் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. நவம்பர் முப்பதுக்குள் எல்லாக் கருவிகளும் புதிய பதிப்புக்கு மாறியிருக்க வேண்டும், நூறு சதவீதம். மாறாவிட்டால் ஒன்றாம் தேதியிலிருந்து உங்கள் கதவும் வேண்டாம், பானெட்டும் வேண்டாம். ஐ.டி. பிரிவின் தலைவர் ரகோத்தமன் அந்தக் கடிதத்தை ஜெபராஜுக்கு அனுப்பியபோது ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. ‘நூறு’ என்பதற்குக் கீழே மட்டும் கோடு போட்டிருந்தார்.

இன்று தேதி ஒன்பது. திரையில் ஓரமாக 99.98 என்று மின்னிக்கொண்டிருந்தது.

சிவப்பாக இருந்த கருவியின் பெயர் எச்.ஆர். 0417. வகை: இயந்திரம். இடம்: மூன்றாவது லைன். ஜெபராஜ் ஏழு முறை அதற்கு அப்டேட்டை அனுப்பியிருந்தான். ஏழு முறையும் ‘கருவி கிடைக்கவில்லை’ என்றே பதில் வந்தது. ஒருநாளில் ஒருமுறை, மதியம் பன்னிரண்டே முக்கால் வாக்கில், அரை நிமிடம் தலைகாட்டிவிட்டு மறைந்துபோகும். அப்டேட் இறங்க நாலு நிமிடம் வேண்டும். அரை நிமிடத்தில் என்ன செய்வது? ஏதோ ஒயர் லூசாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேராக லைனுக்கே கிளம்பினான்.

மூன்றாவது லைனின் சூப்பர்வைசர் டில்லிபாபு நம்பரைப் படித்துப் பார்த்தார்.

“நாலு ஒண்ணு ஏழா? அது மெஷின் இல்ல சார். அது அஞ்சுகம்.”

“அஞ்சுகமா?”

“அதோ, கேஜ் வெச்சு கதவு அளவு செக் பண்ணிட்டு இருக்குதே, அந்தப் பொண்ணு. அது கைதான் நாலு ஒண்ணு ஏழு.”

தொழிற்சாலையில் செயற்கைக் கை போட்டவர்கள் பத்துப் பேர் இருப்பது ஜெபராஜுக்குத் தெரியும். விபத்தில் கையை இழந்தவர்களுக்குக் கம்பெனியே வாங்கிக் கொடுத்தது. வேலையில் இருக்கும்வரை அது கம்பெனியின் சொத்து. அதனால்தான் இருப்புப் பட்டியலில் ஏற்றி, நம்பர் கொடுத்து, இயந்திரம் என்று வகை போட்டிருந்தார்கள். அந்தப் பட்டியலுக்கு வருடாவருடம் கையெழுத்துப் போடுகிறவனே அவன்தான். ஒரு வரிக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்பது மட்டும் அவனுக்கு இன்றைக்குத்தான் உறைத்தது.

அஞ்சுகத்துக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். செய்யாறு பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். கணவர் ஆந்திராவுக்கு லாரி ஓட்டுகிறார். டில்லிபாபு கூப்பிட்டதும் வந்து நின்றாள். இரண்டு கையிலும் உறை மாட்டியிருந்தாள்.

“கைல ஏதோ பிரச்சனைம்மா,” என்றான் ஜெபராஜ். “சிக்னலே வரமாட்டேங்குது. கொஞ்சம் பார்க்கலாமா?”

அவள் டில்லிபாபுவைப் பார்த்தாள். அவர் நாகரிகமாக நகர்ந்து போனார். பிறகு அவள் வலது கை உறையைக் கழற்றினாள். உள்ளே மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பளபளவென்று அலுமினியக் காகிதம் சுற்றியிருந்தது.

“பரோட்டா கட்டித் தர்ற காகிதம் சார். நானாத்தான் சுத்தினேன். மத்தியானம் சாப்பிடறப்ப மட்டும் அரை நிமிசம் பிரிச்சு மாத்திச் சுத்துவேன்.”

“எதுக்கு?”

“அப்டேட் வரக் கூடாதுன்னு.”

கோபம் சுருக்கென்று தலைக்கேறியது அவனுக்கு. ஒன்பது நாளாக ஒயரைச் சந்தேகப்பட்டிருக்கிறான். நெட்வொர்க் ஆட்களோடு சண்டை போட்டிருக்கிறான். கடைசியில் பரோட்டா காகிதம்!

“விளையாட்டாம்மா இது? முப்பதாம் தேதிக்குள்ள முடியலைன்னா மொத்த கம்பெனிக்கும் ஆர்டர் போயிடும். தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும் சார். டில்லி அண்ணன் சொன்னாரு.” அவள் காகிதத்தை மெதுவாகப் பிரித்தாள். சாம்பல் நிற ரப்பர்க் கை. ஐந்து நகத்திலும் ரோஸ் நிற நெயில் பாலிஷ் பூசியிருந்தது. ஓரமெல்லாம் வழிந்திருந்தது. “எம் பொண்ணு போட்டு விட்டது. தன்ஷிகா. ஒம்போது வயசு. அவளுக்குக் காது கேக்காது, பேச்சும் வராது. நாங்க கையாலதான் பேசிக்குவோம்.”

ஜெபராஜ் லேப்டாப்பை மேசையில் வைத்தான்.

“இந்தக் கை வந்தப்ப ஒண்ணுமே தெரியாது சார் இதுக்கு. தம்ளரப் புடின்னா நசுக்கிப்புடும். மூணு வருசம் பழக்கினேன். மேல இருக்கிற சதை எப்படித் துடிச்சா நான் என்ன நெனைக்கிறேன்னு அதுவாக் கத்துக்கிச்சு. பள்ளிக்கூடம்னா இப்படி. பசிக்குதுன்னா இப்படி.” ரப்பர் விரல்கள் காற்றில் சட்டென்று மடங்கி விரிந்தன. உயிருள்ள விரல்களின் சரளம் இருந்தது அதில். “மழை பெய்யுதுன்னு சொல்லணும்னா ஒவ்வொரு விரலா அசைக்கணும். அதுக்கே எட்டு மாசம் ஆச்சு. பாதி சைகை அவ பள்ளிக்கூடத்துல சொல்லித் தர்றது. மீதி எங்க ரெண்டு பேருக்கு மட்டுந்தான் தெரியும்.”

“அப்டேட் போட்டா?”

“போன சித்திரையில ஒண்ணு போட்டீங்க. சின்ன அப்டேட்டுன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் நாலு நாள் கை நான் சொல்றத கேக்கவே இல்ல. எம் பொண்ணு நான் கோவிச்சுக்கிட்டுப் பேசாம இருக்கேன்னு நெனச்சுக்கிட்டா. சாப்பிடாம சுவத்தப் பாத்துப் படுத்துக்கிச்சு. கோவம் இல்லடின்னு சொல்றதுக்கும் கை வரணுமே சார்? இடது கையால சொன்னா பாதிதான் புரியுது. அப்புறம் எப்படியோ சரி பண்ணிக்கிட்டோம். இப்ப வர்றது பெரிய அப்டேட்டாமே? பழகினது எல்லாம் போயிடுமாமே?”

போய்விடும் என்பது ஜெபராஜுக்குத் தெரியும். பதிப்பு ஒன்பதின் குறிப்பை அவன் படித்திருந்தான். படித்தபோது அது வெறும் ஒரு வரி. ‘சுயமாகக் கற்கும் பகுதி நீக்கப்படுகிறது. கை இனி அங்கீகரிக்கப்பட்ட இருபத்து நான்கு பிடிகளை மட்டும் செய்யும்.’

“ஏன் சார் எடுக்கறாங்க?”

அதை அவளிடம் சொல்லத்தான் வேண்டும் என்று பட்டது. “ஒரு ஓட்டை இருக்குதும்மா அதுல. கை தானாக் கத்துக்குதில்ல? நெட்வொர்க்குக்குள்ள புகுந்து வர்ற வெளியாளும் அதுக்குக் கத்துக் கொடுக்கலாம். யாரோ அப்படிச் செஞ்சிருக்காங்க. போன மாசம் ஒரு தொழிற்சாலைல ஒருத்தர் போட்டிருந்த கை பக்கத்துல நின்னவர் தோளைப் புடிச்சிருச்சு. புடிச்சது விடல. தோளெலும்பு நொறுங்கிப் போச்சு. கை போட்டிருந்தவரு அழுதுக்கிட்டே தன்னோட இன்னொரு கையால அதைப் பிரிக்கப் பாத்தாராம். முடியல.”

அஞ்சுகம் தன் வலது கையைக் குனிந்து பார்த்தாள். பிறகு காகிதத்தை மறுபடி சுற்ற ஆரம்பித்தாள்.

“எனக்குக் கொஞ்சம் நாள் குடுங்க சார்,” என்றாள்.

அன்று மாலையே ஜெபராஜ் கை செய்த கம்பெனிக்குப் போன் போட்டான். உதவி மையத்தில் இனிமையாகத் தமிழ் பேசும் குரல். மனிதரா இயந்திரமா என்று கடைசிவரை அவனுக்குப் பிடிபடவில்லை.

“கருவியை அணைத்து மீண்டும் போட்டுப் பார்த்தீர்களா சார்?”

“அது கருவி இல்லைங்க. ஒருத்தங்களோட கை.”

“சரி சார். கையை அணைத்து மீண்டும் போட்டுப் பார்த்தீர்களா?”

பழகிய அசைவுகளைத் தனியாக எடுத்து வைக்க முடியுமா என்று கேட்டான். தாராளமாக முடியும் என்றது குரல். அவனுக்கு மூச்சு வந்தது. திரும்ப உள்ளே ஏற்றலாமா என்று கேட்டான். ஏற்றுவதற்குப் புதிய பதிப்பில் இடம் கிடையாது சார் என்றது. அப்புறம் எதற்கு எடுத்து வைப்பது? வாடிக்கையாளரின் திருப்திக்காக, சார்.

மறுநாள் விதிவிலக்குக் கேட்டு விண்ணப்பித்தான். எந்தக் காரணத்தால் அப்டேட் வேண்டாம் என்பதற்கு படிவத்தில் நாலே பதில்கள்தான் இருந்தன. விற்கப்பட்டது. உடைந்தது. காணாமல் போனது. கழிவு. நாலில் ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. ‘உடைந்தது’ என்று போட்டு, கீழே குறிப்பில் விவரமாக எழுதினான். உடைந்த கருவிக்குப் பதில் புதுக் கருவி வரும், அதில் புதிய பதிப்பே இருக்கும், ஆகவே விதிவிலக்கு தேவையில்லை என்று இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. குறிப்பை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

வேலைக்கு ஒரு கை, வீட்டுக்கு ஒரு கை என்று வைத்துக்கொள்ளலாமே என்று அடுத்து ஒரு யோசனை. பழைய கையைக் கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே புதுக் கையோடு வேலை பார்க்கட்டும். இதில் யாருக்கு என்ன ஆபத்து? கொள்முதல் பிரிவுக்கு எழுதினான். ‘மேற்படி ஊழியரிடம் ஏற்கெனவே இயங்கும் நிலையில் ஒரு கை உள்ளது. ஓர் ஊழியருக்கு ஒரு கருவி என்பதே விதி’ என்று பதில். அந்த வரியை அவன் மூன்று முறை படித்தான். மூன்றாவது முறை சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

இருபத்திரண்டாம் தேதி ரகோத்தமன் அறைக்குப் போனான்.

“உக்காரு ஜெபா,” என்றார் அவர். “அந்த ஒண்ணு என்னாச்சு?”

எல்லாவற்றையும் சொன்னான். தன்ஷிகா சுவரைப் பார்த்துப் படுத்ததுவரை சொன்னான். ரகோத்தமன் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எனக்கு இது புரியலைன்னு நெனைக்கிறியா?”

“அப்படிச் சொல்லல சார்.”

“நம்மகிட்ட பத்துக் கை இருக்கு. ஒம்பது பேர் முணுமுணுக்காமப் போட்டுக்கிட்டாங்க. அதுல ஒருத்தர் மிருதங்கம் வாசிக்கிறவர். தெரியுமா உனக்கு? இப்ப வாசிக்க முடியல அவரால. எங்கிட்ட வந்து சொல்லிட்டுப் போனார். நான் என்ன பண்ண முடிஞ்சது? இவங்களை மட்டும் விட்டா அவர் முகத்துல எப்படி முழிக்கிறது?” கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். “அது கிடக்கட்டும். விட்டுட்டோம்னே வெச்சுக்கோ. நாளைக்கு அந்தக் கை பக்கத்துல நிக்கிற பொண்ணு கழுத்தைப் புடிச்சா, விட்டவன் யாருன்னு கேப்பாங்க. நீயா, நானா?”

ஜெபராஜ் எழுந்து வெளியே வந்தான். எதிரில் இருப்பவர் கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்து ஒரு டீயாவது குடிக்கலாம். ரகோத்தமன் சொன்னதில் ஒரு வரிகூடத் தப்பு இல்லை. ஓட்டை உண்மை. நொறுங்கின எலும்பு உண்மை. பழைய பதிப்பு ஆபத்து என்று பதினாறு வருடமாக ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவனும் அவன்தான்.

அடுத்த நாலைந்து நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. திரையில் 99.98. காலையில் வந்தால் 99.98. கேன்டீன் போய்வந்தால் 99.98. வெளியே விடாத மழை. ரகோத்தமன் நடைபாதையில் எதிரே வந்தால் ஒன்றும் கேட்பதில்லை, புருவத்தை மட்டும் தூக்குவார். கார் கம்பெனியின் ஆடிட்டர் ஒரு நாளைக்கு இரண்டு மெயில் போட்டார். இரண்டிலும் ‘அன்புடன் நினைவூட்டுகிறோம்’. வீட்டில் மனைவி கிரேஸ் ஏதோ கேட்டதற்கு எரிந்து விழுந்தான். பிறகு மன்னிப்புக் கேட்டான். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தால் போதுமாக இருந்தது என்பது அப்போது அவனுக்குத் தோன்றியது. அதைக் கிரேஸிடம் விளக்கிச் சொல்ல முடியவில்லை.

இருபத்தேழாம் தேதி மாலை ஒரு முடிவுக்கு வந்தான். பட்டியலில் 0417-ஐக் கழிவு என்று போட்டுவிடுவது. கழிவு என்று போட்டால் அது கணக்கிலிருந்தே போய்விடும். நாலாயிரத்து இருநூற்றுப் பதினொன்றுக்கு நாலாயிரத்து இருநூற்றுப் பதினொன்று; நூறு சதவீதம். கையில் இருக்கும் சின்ன ஆன்டெனாவைக் கழற்றிவிட்டால் வெளியாள் யாரும் அதற்குள் நுழையவும் முடியாது. என்ன, இனி பழுது பார்க்க வழியிருக்காது. கழற்றுவதற்குமுன் ஏற்கெனவே யாராவது உள்ளே புகுந்திருந்தால் அதைக் கண்டுபிடிக்கவும் வழியிருக்காது. மாட்டிக்கொண்டால் வேலை போகும். எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்தான். மனிதனாகப் பிறந்து பதினாறு வருடம் பச்சைப் புள்ளிகளையே எண்ணியாயிற்று. ஒரு தப்பையாவது தெரிந்து செய்வோம் என்று நினைத்தான்.

மறுநாள் காலை வந்து திரையைப் போட்டால், சிவப்பைக் காணவில்லை.

நூறு. மொத்தமும் பச்சை. 0417-க்கு நேரே ‘பதிப்பு 9.0, காலை 7.52, வெற்றி’ என்று இருந்தது. ரகோத்தமனிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வந்திருந்தது. ஆடிட்டர் ‘அன்புடன் பாராட்டுகிறோம்’ என்று எழுதியிருந்தார். ஜெபராஜ் நாற்காலியைத் தள்ளிவிட்டு மூன்றாவது லைனுக்கு ஓடினான்.

இடைவேளை நேரம். அஞ்சுகம் கேஜ் மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கையில் உறை இல்லை, காகிதமும் இல்லை.

“யாராவது மிரட்டினாங்களா?” என்றான் மூச்சு வாங்க.

“இல்ல சார். நானேதான் காகிதத்தப் பிரிச்சேன். நீங்க அனுப்பி வெச்சது தானா எறங்கிடுச்சு.”

“ஏம்மா? நான் ஒரு வழி வெச்சிருந்தேனே! இன்னிக்குக் காலைல வந்து பட்டியல்ல கழிவுன்னு போடறதா இருந்தேன்.”

“கழிவுன்னா?”

“குப்பைன்னு அர்த்தம்.”

அவள் தன் கையைப் பார்த்தாள். ரோஸ் நகங்கள் புதிதாகப் பூசப்பட்டிருந்தன. சிரித்துவிட்டாள். “எம் பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க.”

“சிரிக்காதீங்கம்மா. எவ்வளவு அலைஞ்சேன் தெரியுமா நான்?”

“தெரியும் சார்.” சிரிப்பு நின்றது. “அந்தத் தோளெலும்பு உடைஞ்சவரு பேரு என்ன சார்?”

அவனுக்குத் தெரியவில்லை. எந்த அறிக்கையிலும் பேர் போடவில்லை.

“நீங்க சொன்ன நாள்லேருந்து அவரு எம் மண்டைக்குள்ளயே நிக்கிறாரு. இங்க எனக்குப் பக்கத்துல பரிமளா நிக்கிறா. அவளுக்குக் கைக்குழந்தை. வீட்டுல எம் பொண்ணு இந்தக் கையப் புடிச்சுக்கிட்டுத்தான் பஸ் ஏறுவா. இடது கையில பையி இருக்குமில்ல? தெனமும் அவ புடிக்கிறப்ப எனக்குத் திக்குங்குது. அவளோட பேசறதுக்காக வெச்சிருக்கிற கை அவளையே நசுக்கிட்டா என்ன சார் பண்றது? அதான் ஒம்போதாம் தேதியே முடிவு பண்ணிட்டேன். நாள் கேட்டது எதுக்குன்னா, அவளத் தயார் பண்ண.”

“தயாரா?”

“இருபத்து நாலு பிடின்னு சொன்னாங்கல்ல, அதுக்கு ஒரு படம் குடுத்தாங்க. ஒண்ணு பெட்டி தூக்கற பிடி. ரெண்டு ஸ்பேனர் பிடி. மூணு கொக்கி. அப்படியே இருபத்து நாலு. அவகிட்ட காட்டி, இனிமே அம்மா கை இது மட்டுந்தான் பண்ணும்னு சொன்னேன். ஒரு நாள் பூரா அழுதா. மறுநாள் அந்தப் படத்தக் கண்ணாடி பக்கத்துல ஒட்டி வெச்சுக்கிட்டு ஒக்காந்துட்டா. பெட்டி பிடிய நெத்தியில வெச்சா ஒரு அர்த்தம், நெஞ்சுல வெச்சா ஒரு அர்த்தம், தோள்ல வெச்சா வேற. ஆறு இடம் சார். இருபத்து நாலு பிடி. நூத்தி நாப்பத்து நாலு வார்த்தைன்னு பெருக்கிக் காட்டறா எனக்கு!”

மழை லீவு விட்டிருந்ததால் தன்ஷிகா வீட்டில் இருந்தாள். அஞ்சுகம் போனில் வீடியோ போட்டாள். இரட்டைச் சடையோடு, முன்பல் ஒன்று கோணலாக, ஒரு பெண் குழந்தை திரையில் வந்தது. அஞ்சுகம் போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு ரப்பர்க் கையை நெற்றிக்குக் கொண்டுபோனாள். ஐந்து விரலும் ஒன்றாகக் கட்டைபோல் மடங்கின. பிறகு தோளுக்கு. பிறகு நெஞ்சுக்கு. ஒவ்வொரு பிடிக்கும் நடுவில் கை ஒரு நொடி நின்று யோசித்தது. ஒன்பதாம் தேதி ஜெபராஜ் பார்த்த சரளம் அதில் துளியும் இல்லை. திரையில் குழந்தை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது.

“தப்பாச் சொல்லிட்டேனாம். மழை வந்தா ஜன்னலச் சாத்துன்னு சொல்றதுக்குப் பதிலா மாமாவச் சாத்துன்னு சொல்லிட்டேனாம்.”

“மழைக்கு விரல் விரலா அசைப்பீங்களே...”

“அது இனி வராது சார்.” அவள் போனைப் பார்த்தபடியே சொன்னாள். “இப்ப மழைக்குப் பெட்டி பிடி, தலைக்கு மேல. மேலேருந்து யாரோ பெட்டிய எறக்கறாங்களாம். அவ சொன்னது.”

ஜெபராஜ் தன் மேசைக்குத் திரும்பிவந்து உட்கார்ந்தான். நூறு என்று இருந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படவும் முடியவில்லை, எரிச்சல்படவும் முடியவில்லை. அவன் பதினெட்டு நாள் படிவங்களோடு மல்லாடிக்கொண்டிருந்தபோது ஒரு ஒன்பது வயதுக் குழந்தை ஒரு மொழியையே செய்து முடித்திருக்கிறது. அவன் செய்யவிருந்த பெரிய தப்புக்குத் தேவையே இல்லாமல் போயிற்று. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அதை நினைத்து வெட்கப்பட்டான்.

பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பிய முதல் திங்கட்கிழமை. விடுமுறையில் சேர்ந்த மெயில்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தான். கை செய்த கம்பெனியிலிருந்து ஒன்று வந்திருந்தது. பதிப்பு 9.1. இருபத்தொன்பதாம் தேதிக்குள் எல்லாக் கைகளுக்கும் ஏற்ற வேண்டும். மாற்றங்கள் பற்றி ஒரே பத்தி.

‘நாடு முழுவதும் தொழிற்சாலைகளில் உள்ள கைகளின் பயன்பாட்டை ஆராய்ந்ததில், இருபத்து நான்கு பிடிகளில் எட்டுப் பிடிகள் உற்பத்தி வேலையில் அநேகமாகப் பயன்படுவதில்லை என்று தெரிகிறது. மேலும், சில கைகளில் வேலை நேரத்துக்குப் பிறகு இவை வழக்கத்துக்கு மாறாக, ஒரே மாலையில் ஆயிரக்கணக்கான முறை, எந்தப் பொருளையும் பிடிக்காமல் வெறுமனே இயக்கப்பட்டிருக்கின்றன. இது கோளாறாக இருக்கலாம். தேய்மானத்தைத் தவிர்க்க இந்த எட்டுப் பிடிகளும் நீக்கப்படுகின்றன.’

சில கைகளில். அப்படியானால் இன்னும் எங்கெங்கோ யார் யாரோ வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் மாலை வேளைகளில் சொல்ல ஏதோ இருக்கிறது. ஜெபராஜ் தங்கள் தொழிற்சாலையின் பத்துக் கைகளின் பதிவையும் எடுத்துப் பார்த்தான். மாலை ஆறே முக்காலிலிருந்து ஒன்பது வரை ஓயாமல் அசைந்திருந்தது ஒரே ஒரு கை. பொங்கலன்று காலையிலிருந்தே. மூவாயிரத்து எண்ணூறு முறை.

ரகோத்தமனுக்குப் போன் போட்டான். அவரும் படித்திருந்தார். “கடைசி நாள், கடைசி மணி நேரம்வரை போடாம வெச்சிரு,” என்றார் அவர். “என்னால முடிஞ்சது அவ்வளவுதான் ஜெபா.”

சிறு அப்டேட்டுகளைப் பற்றிக் கை போட்டிருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது. வழக்கமும் கிடையாது. ஜெபராஜ் அந்தப் பக்கத்தை அச்செடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு லைனுக்குப் போனான். நடக்கும்போது எப்படி ஆரம்பிப்பது என்று நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தான். எதுவும் சரியாக வரவில்லை.

அஞ்சுகம் அவனைப் பார்த்ததும் கேஜைக் கீழே வைத்தாள். முகத்தைப் பார்த்தே ஏதோ இருக்கிறது என்று புரிந்துகொண்டுவிட்டாள்.

“திரும்பவுமா சார்?”

“ஆமாம்மா. எட்டுப் பிடிய எடுக்கறாங்க.”

அவள் அழுவாள், கத்துவாள், காகிதத்தைத் தேடிப் போவாள் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தான். அவள் மேசையிலிருந்து, பழுதான கதவுகளில் குறியிடும் சிவப்புப் பேனாவை ரப்பர்க் கையால் எடுத்தாள். இடது உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டாள்.

“எந்த எட்டு?”

அவன் காகிதத்தைப் பிரித்தான். “நாலு.”

எழுதினாள்.

“ஒம்போது. பதினொண்ணு. பதினாலு.”

ஒவ்வொன்றுக்கும் லேசாகத் தலையசைத்தாள். பதினாலுக்குக் கொஞ்சம் யோசித்து, “பரவாயில்ல, தயிருக்கு வேற வெச்சுக்கலாம்,” என்றாள்.

“பதினேழு.”

பேனா நின்றது. பிரஸ் ஒருமுறை இறங்கித் தரை அதிர்ந்தது. இன்னொருமுறை இறங்கியது.

“பதினேழ நெஞ்சுல வெச்சா அவ பேரு சார்.”

ஜெபராஜ் காகிதத்தை மடிக்கப் போனான். “இருபத்தொன்பதாம் தேதி சாயந்தரம் வரைக்கும் நான் போடமாட்டேன்,” என்றான். “இன்னும் பத்து நாள் இருக்கு.”

அஞ்சுகம் ரப்பர்க் கையை மெல்ல உயர்த்தி நெஞ்சில் வைத்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு சின்ன நட்டைப் பிடிப்பதுபோல் சேர்ந்து நின்றன. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு கையை இறக்கி, உள்ளங்கையில் பதினேழு என்று எழுதினாள்.

“மீதி மூணையும் சொல்லுங்க சார்,” என்றாள்.